கிரேக்கக் கதைகளும் அவை நடந்த மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு முறை கிரீஸ் போய் வந்தேன். அன்றிலிருந்து உறவினர்கள், நண்பர்கள், அவர்கள் வழியாக அறிமுகமானவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

1. கிரேக்கப் புராணத்தை முழுசா தெரிஞ்சுக்க எந்தப் புத்தகம் படிக்கணும்?

அப்படி ஒரே புத்தகம் கிடையாது. ஹோமர் பெயரில் வழங்கும் இலியட், ஒடிஸி இருக்கின்றன. தெய்வங்கள் பிறந்த வரிசையை ஹெசியட் கி.மு. 700 வாக்கில் பாடினார். ஏதென்ஸ் நாடகக் கவிஞர்கள் அதே கதைகளைத் தங்கள் போக்கில் மாற்றினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஓவிட் லத்தீனில் வேறு மாதிரி சொன்னார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். அதில் எது "சரியான" கதை என்று தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இருந்ததில்லை.

நமக்கு இதைப் புரிய வைக்கத் தலபுராணம் என்ற ஒரு சொல் போதும். ஒரு ஊர், ஒரு சுனை, ஒரு மரம், அங்கே சாமி வந்த கதை. கிரேக்கக் கதைகளில் பெரும்பகுதி இப்படி இடத்தோடு ஒட்டிப் பிறந்தவை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்பவர் ஊர் ஊராகப் போய், கண்ட கோயில்களையும் உள்ளூர்க்காரர்கள் சொன்ன கதைகளையும் 10 பாகங்களாக எழுதி வைத்தார். ஒரே கதைக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடினால் இரண்டையும் குறித்துக்கொண்டார். எனக்குப் பிடித்த வழிகாட்டி அவர்தான். கதையைத் தனியாகப் படிப்பதைவிட, அது நடந்ததாகச் சொல்லும் பாறை மேல் உட்கார்ந்து படித்தால்தான் பாதி விஷயம் விளங்கும். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் அதுதான்.

2. ஜீயஸும் ஜூபிடரும் ஒருத்தர்தானா? ஹெர்குலிஸா, ஹெரக்ளிஸா?

ஜீயஸ் கிரேக்கப் பெயர், ஜூபிடர் ரோமானியப் பெயர். அத்தீனா மினர்வா ஆனாள், பொசைடன் நெப்டியூன் ஆனார், ஹெரக்ளிஸ் ஹெர்குலிஸ் ஆனார். ரோமானியர்கள் தங்கள் தெய்வங்களைக் கிரேக்கத் தெய்வங்களோடு பொருத்திக்கொண்டார்கள். இரண்டும் முழுக்க ஒன்றல்ல, ஆனால் கதைகள் கலந்துவிட்டன.

பயணம் போகிறவர்களுக்கு இன்னொன்று. இன்றைய கிரேக்க மொழியில் ஜீயஸ் "தியாஸ்", ஹீரா "இரா", ஹெரக்ளிஸ் "இராக்லிஸ்". கிரீட் தீவின் பெரிய நகரமான இராக்லியோவின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான்.

3. ஒலிம்பஸ் நிஜமாவே இருக்கிற மலையா? ஏற முடியுமா?

நிஜ மலைதான். கிரீஸின் மிக உயரமான மலை, உச்சி 2,918 மீட்டர். ஏஜியன் கடலோரத்திலிருந்து பார்த்தால் சட்டென்று சுவர் போல எழுந்து நிற்கும். அடிவாரத்தில் லிட்டோகோரோ என்ற ஊர். அங்கிருந்து பிரியோனியா வரை வண்டி போகும். பிறகு காட்டு வழியே நடந்து சுமார் 2,100 மீட்டரில் உள்ள மலைக் குடிலில் இரவு தங்கி, மறுநாள் உச்சிப் பகுதிக்குப் போவது வழக்கம். மிட்டிகாஸ் என்ற கடைசி முகடு கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டிய பாறை, கல் உருளும் அபாயமும் உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள ஸ்கோலியோ முகட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அது சில மீட்டர்தான் குறைவு.

மிட்டிகாஸ் உச்சியை முதலில் தொட்டதாகப் பதிவானது 1913 ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான். லிட்டோகோரோவைச் சேர்ந்த கிறிஸ்டோஸ் ககாலோஸ் வழிகாட்ட, சுவிஸ் நாட்டவர் இருவர் கூடப் போனார்கள். பக்கத்து முகடான ஸ்டெஃபானியை "ஜீயஸின் சிம்மாசனம்" என்கிறார்கள்.

ஒடிஸியில் ஒலிம்பஸைப் பற்றி ஓர் அழகான இடம் வரும். அங்கே காற்று உலுக்காது, மழை நனைக்காது, பனி விழாது, மேகமில்லாத ஒளி மட்டும் பரவியிருக்கும் என்று. உண்மையான மலையில் கோடைகாலப் பிற்பகல்களில் மேகம் திரண்டு இடி இடிக்கும். கீழே வயலில் நின்றவனுக்கு முகடு மறைந்து உறுமல் மட்டும் கேட்டிருக்கும். மேகம் திரட்டுபவன் என்று ஜீயஸுக்கு ஹோமர் கொடுத்த அடைமொழி இந்த மலையடிவாரத்தில் நின்றால் தானாகப் புரியும். அடிவாரத்திலேயே தியோன் என்ற ஊரில் ஜீயஸுக்கு மாசிடோனிய அரசர்கள் விழா எடுத்தார்கள். ஆசியா மீது படையெடுக்கும் முன் அலெக்சாண்டர் பலி கொடுத்ததும் அங்கேதான்.

4. ஜீயஸ் பிறந்த குகைன்னு கிரீட்ல ரெண்டு குகை காட்டுறாங்களே, எது உண்மை?

முதல் பதிலில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். இரண்டுக்கும் பழைய உரிமை உண்டு. ஒன்று லசிதி மேட்டுநிலத்தில் சிக்ரோ கிராமத்துக்கு மேலே உள்ள திக்டி குகை. மற்றது 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிட்டிஸ் மலையில் உள்ள ஈடா குகை. பிறந்தது ஒன்றில், வளர்ந்தது மற்றதில் என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு.

தந்தை குரோனஸ் பிள்ளைகளை விழுங்குகிறவன். குழந்தையின் அழுகைச் சத்தம் அவனுக்குக் கேட்காமல் இருக்கக் குரீட்டஸ் என்ற வீரர்கள் கேடயங்களை மோதி ஆடினார்களாம். ஈடா குகையை 1880-களில் தோண்டியபோது கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டு வெண்கலக் கேடயங்கள் கிடைத்தன, போருக்கு அல்ல, காணிக்கையாகப் போட்டவை. இராக்லியோ அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.

அப்புறம், இராக்லியோவுக்குத் தெற்கே யூக்தாஸ் என்ற மலை படுத்திருக்கும் முகம் போலத் தெரியும். அது ஜீயஸ் என்பார்கள், அவர் அங்கே புதைக்கப்பட்டார் என்றும் கிரீட்காரர்கள் சொன்னார்கள். சாகாத தெய்வத்துக்குக் கல்லறையா என்று மற்ற கிரேக்கர்கள் கோபப்பட்டு, கிரீட்காரர்கள் பொய்யர்கள் என்று கவிதையே எழுதினார்கள்.

5. டெல்ஃபியில போய் என்ன பார்க்கிறது? உடைஞ்ச தூண்தானே?

தூணை மட்டும் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். அந்த இடத்தைப் பார்க்கப் போங்கள். அப்பல்லோ தெய்வத்தின் வாக்காகக் குறி கேட்க மக்கள் தேடி வந்த ஊர் அது. ஏதென்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 180 கிலோமீட்டர், பேருந்தில் ஏறக்குறைய 3 மணி நேரம். பர்னாசஸ் மலையின் செங்குத்துப் பாறைகள் பின்னால் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பிளவு, அங்கிருந்து கஸ்டாலியா சுனை. முன்னால் பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ மரங்கள், கடல் வரைக்கும் சாம்பல் பச்சையாக விரிந்து கிடக்கும். மாலையில் கழுகோ பருந்தோ பாறையைச் சுற்றும். உலகின் இரண்டு முனைகளிலிருந்து ஜீயஸ் இரண்டு கழுகுகளைப் பறக்கவிட, அவை சந்தித்த இடமே உலகத்தின் தொப்புள் என்ற கதை அங்கே நிற்கும்போது மிகையாகவே தோன்றாது. தொப்புள் கல் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்பல்லோ வருவதற்கு முன் அது பூமித்தாயின் இடம். பைத்தான் என்ற பாம்பு காத்து நின்றது. அப்பல்லோ அதைக் கொன்று இடத்தை எடுத்துக்கொண்டார். அதனால்தான் அங்கே குறி சொன்ன பெண்ணுக்குப் பித்தியா என்று பெயர். லிடியா அரசன் குரோசஸ் பாரசீகத்தின் மேல் போருக்குப் போகலாமா என்று ஆள் அனுப்பிக் குறி கேட்டான். "போனால் ஒரு பெரிய அரசு அழியும்" என்று பதில் வந்தது. போனான், அழிந்தது அவன் அரசு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த இடிபாடுகளின் மேல் கஸ்ட்ரி என்ற கிராமம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அகழாய்வு செய்வதற்காக 1890-களில் அந்த ஊரையே பெயர்த்துச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். இன்று நாம் தங்கும் டெல்ஃபி ஊர் அந்த மக்களுடையது. பழைய கல்லைப் பார்க்கும்போது அவர்கள் விட்டுக்கொடுத்த வீடுகளும் என் நினைவுக்கு வரும்.

6. அந்த அம்மா மயங்கிக் குறி சொன்னதுக்கு விஷவாயுதான் காரணமாமே?

டெல்ஃபியில் பூசாரியாக இருந்த எழுத்தாளர் புளூடார்க், சில சமயம் கருவறைப் பக்கம் இனிய மணம் எழும் என்று எழுதியிருக்கிறார். முதலில் தோண்டியவர்களுக்குப் பூமியில் பிளவு எதுவும் தென்படவில்லை, அதனால் இது கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 2001-இல் ஒரு புவியியல் குழு, கோயிலுக்கு அடியில் இரண்டு நிலப்பிளவுகள் குறுக்கே வெட்டுகின்றன என்றும், அருகில் உள்ள ஊற்று நீரில் எத்திலீன் வாயுவின் தடயம் இருக்கிறது என்றும் வெளியிட்டது. எத்திலீன் இனிப்பு மணம் உடையது, ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகவே பயன்பட்டது.

மற்ற ஆய்வாளர்கள் அந்த அளவு வாயு மயக்கத்துக்குப் போதாது என்றார்கள். விவாதம் முடியவில்லை. என் கருத்து: வாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல நூற்றாண்டுகள் அரசர்கள் வரிசையில் நின்று கேட்ட வாக்கை அது மட்டும் விளக்கிவிடாது. அது நிலநடுக்கம் அடிக்கடி உலுக்கும் பகுதி. பூமி பேசுகிற ஊரில் பூமித்தாய்க்குக் கோயில் எழுந்ததில் வியப்பில்லை.

7. பாதாள லோகத்துக்கு வாசல் எங்கன்னு காட்டுவாங்களாமே?

காட்டுவார்கள், ஒன்றல்ல, பல வாசல்கள். காரணம் மண்ணில் இருக்கிறது. கிரீஸின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆறு ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும், பல கிலோமீட்டர் தள்ளி, சில இடங்களில் கடலுக்குள்ளேயே, நன்னீராகப் பொங்கும். கண்ணெதிரே ஆறு பூமிக்குள் இறங்கும் நாட்டில், செத்தவர்களும் அந்த வழியே போகிறார்கள் என்று நினைப்பது இயல்புதான்.

வடமேற்கே எபிரஸ் பகுதியில் அகெரான் ஆறு. இறந்தவர்களைப் படகோட்டி கேரன் கடத்திவிடும் ஆறு இதுதான். இன்று கிளிகி கிராமத்தில் கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து முழங்கால் தண்ணீரில் மலையிடுக்கு வழியே நடக்கிறார்கள். தண்ணீர் எலும்பு வரை சில்லிடும். கிளிகி என்றால் இனிப்பு. கசந்து கிடந்த ஆற்று நீர், ஒரு புனிதர் அங்கிருந்த நாகத்தைக் கொன்றதும் இனித்தது என்பது ஊர்க் கதை. கீழே மெசபோடமோஸ் அருகே ஒரு குன்றில், இறந்தவர்களை அழைத்துக் குறி கேட்கும் ஆலயம் கிடைத்துவிட்டது என்று 1958-க்குப் பின் தோண்டியவர்கள் அறிவித்தார்கள். அங்கே கிடைத்த வெண்கலச் சக்கரங்கள் கல்லெறியும் போர்ப்பொறியின் பாகங்கள் என்று பின்னர் தெரியவந்து, அது அரண் சூழ்ந்த பண்ணை வீடாகவே இருக்கலாம் என்று பலர் இப்போது சொல்கிறார்கள். குன்றிலிருந்து தெரியும் சமவெளிக்காகவாவது ஏறிப் பார்க்கலாம்.

தெய்வங்கள் சத்தியம் செய்யும் பாதாள ஆறான ஸ்டிக்ஸ், தெற்குத் தீபகற்பமான பெலொபொனீஸில் ஹெல்மோஸ் மலைப்பாறையிலிருந்து விழும் ஒற்றை அருவி. உள்ளூர்ப் பெயர் மவ்ரொநெரி, அதாவது கருந்தண்ணீர். அந்த நீர் எல்லாப் பாத்திரத்தையும் அரித்துவிடும், குதிரைக் குளம்பில்தான் எடுக்க முடியும் என்று பழையவர்கள் நம்பினார்கள். அலெக்சாண்டரைக் கொன்ற விஷம் அது என்ற வதந்தியும் அன்றே இருந்தது. மூன்றாவது வாசல் தெற்கு முனையான தைனரோன். ஹெரக்ளிஸ் மூன்று தலை நாயைப் பிடித்து இழுத்து வந்ததாக அங்கே ஒரு குகையைக் காட்டுவார்கள்.

8. ஹெரக்ளிஸோட 12 வேலையும் நடந்த இடம் இருக்கா?

ஜீயஸின் மகனான வீரன் ஹெரக்ளிஸ் ஓர் அரசன் கட்டளைப்படி செய்த 12 அரும்பணிகளில், முதல் ஆறும் நடந்த இடங்கள் பெலொபொனீஸுக்குள்ளேயே இருக்கின்றன. வாடகைக் கார் எடுத்தால் நிதானமாகச் சுற்றலாம். சிங்கத்தைக் கொன்ற நெமியாவில் இன்று திராட்சைத் தோட்டம், அங்கே வடிக்கும் சிவப்பு ஒயினை "ஹெரக்ளிஸின் ரத்தம்" என்பார்கள். ஆர்கோஸுக்குத் தெற்கே லெர்னாவில் ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பு. ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். லெர்னா ஊற்றுகளும் சதுப்பும் நிறைந்த இடம். ஓர் ஊற்றை அடைத்தால் பக்கத்தில் இரண்டு பீறிடும், சதுப்பை வடித்த பழைய உழவர்களின் போராட்டமே இந்தக் கதை என்ற விளக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. எல்லாக் கதைக்கும் இப்படிப் பொருள் தேடுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் லெர்னாவைப் பார்த்தபின் இதை மறுக்க மனம் வரவில்லை.

இரும்பு இறகுப் பறவைகளை விரட்டிய ஸ்டிம்ஃபாலியா இப்போதும் நாணல் அடர்ந்த ஏரி. பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள். மேலே சொன்ன மாதிரி அந்த ஏரியும் ஒரு குழி வழியே பூமிக்குள் வடியும். ஔகியஸ் அரசனின் தொழுவத்தைக் கழுவத் திருப்பிவிட்ட அல்ஃபியோஸ் ஆறு ஒலிம்பியா ஓரமாகவே ஓடுகிறது.

9. எலூசிஸ் கதை என்ன? அங்க போனா சுத்தி ஆலைதான்னு சொன்னாங்களே?

டிமீட்டர் பயிர்களின் தாய். அவள் மகள் பெர்செபொனி பூப்பறிக்கும்போது பூமி பிளந்து பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிப் போனான். தாய் தேடி அலைந்து, ஏதென்ஸுக்கு அருகே உள்ள எலூசிஸ் ஊரின் கிணற்றடியில் கிழவி வடிவில் உட்கார்ந்தாள். அவள் துக்கத்தில் எதுவும் முளைக்கவில்லை. கடைசியில் மகள் வருடத்தில் ஒரு பங்கு பாதாளத்திலும் மீதி தாயிடமும் இருக்கலாம் என்று முடிவானது. மகள் கீழே இருக்கும் காலம் குளிர்காலம் என்று வடக்கு ஐரோப்பியர்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால் கிரீஸில் மழை தொடங்கும் அக்டோபர், நவம்பரில் விதைத்து, மே, ஜூனில் அறுப்பார்கள். நிலம் வெடித்து மொட்டையாகக் கிடப்பது கோடையில்தான். அறுத்த தானியம் நிலத்தடிக் குதிரில் இருக்கும் மாதங்களே பெர்செபொனி கீழே இருக்கும் மாதங்கள் என்று சில அறிஞர்கள் சொன்னார்கள். வசந்தத்தில் திரும்புகிறாள் என்றே பழைய துதி பாடுகிறது, ஆகவே இது உறுதியில்லை. ஆனாலும் எலூசிஸின் ரகசிய வழிபாடு நடந்தது விதைப்புக்கு முன், செப்டம்பர் வாக்கில். ஜூலை வெயிலில் அந்த வறண்ட வயலைப் பார்த்தால் அந்த அறிஞர்கள் பக்கமே மனம் சாய்கிறது.

அந்த வழிபாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. உள்ளே என்ன காட்டினார்கள் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை, சொன்னால் மரண தண்டனை. ஏதென்ஸிலிருந்து பக்தர்கள் நடந்து போன பாதைக்கு இன்றும் இயரா ஓதோஸ், புனிதப் பாதை என்றே பெயர், இப்போது அதில் லாரிகள் ஓடுகின்றன. ஆம், சுற்றி எண்ணெய் ஆலையும் தொழிற்சாலையும்தான். ஆனாலும் 2023-இல் அந்த ஊர் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்தது.

நான் மறக்காத கதை இதற்கெல்லாம் பிந்தியது. 1801-இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் வந்தபோது, தலையில் கூடை சுமந்த ஒரு பெண் சிலையின் மேற்பாதி எரு மேட்டில் கழுத்துவரை புதைந்திருந்தது. ஊர் மக்கள் அதற்கு விளக்கேற்றினார்கள், விளைச்சல் அதனால்தான் என்று நம்பினார்கள், செயின்ட் டிமிட்ரா என்று அழைத்தார்கள். கிறிஸ்தவத் திருச்சபையில் அப்படி ஒரு புனிதை கிடையாது. கிளார்க் சிலையை எடுக்க அனுமதி வாங்கினார். முதல் நாள் மாலை ஒரு மாடு அவிழ்த்துக்கொண்டு வந்து சிலையை முட்டியதைப் பார்த்து ஊரே கலங்கியது. கப்பல் மூழ்கும் என்றார்கள். கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்தது, சிலை மீட்கப்பட்டு இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. உண்மையில் அது டிமீட்டர் இல்லை, வாயிலைத் தாங்கிய தூண் பெண். அதனால் என்ன? கோயில் அழிந்து 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த வயலுக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள்.

10. மினோட்டார் இருந்த சிக்கல் வழி மாளிகை நொஸோஸ்தானா?

காளைத்தலை மனிதன், நடுவில் அவன், வெளியே வர வழி தெரியாத லாபிரிந்த் என்ற மாளிகை, அவனைக் கொல்லப் போன ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் வழி தவறாமல் திரும்ப அரசன் மகள் அரியாட்னி கொடுத்த நூல். இராக்லியோவிலிருந்து 5 கிலோமீட்டரில் உள்ள நொஸோஸை ஆர்தர் எவன்ஸ் 1900-இல் தோண்டத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அறைகள், வளைந்த நடைகள், காளை மேல் பாயும் இளைஞர்களின் ஓவியம். கதையின் விதை இங்கே என்று நம்பத் தோன்றும். இப்போது காணும் சிவப்புத் தூண்களில் பல எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை என்பதை மனதில் வையுங்கள்.

எனக்கு ஓவியங்களைவிட ஒரு சிறு களிமண் ஏடு பெரிது. 1952-இல் வாசித்தறியப்பட்ட, லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தில் இரண்டு வரிகள்: எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு குடம் தேன், லாபிரிந்தின் தலைவிக்கு ஒரு குடம் தேன். எல்லாருக்கும் சேர்த்து ஒன்று, அவளுக்கு மட்டும் ஒன்று. அந்தத் தலைவி யார்?

11. டிராய் போர் நிஜமா நடந்ததா?

இடம் உண்மை, ஆனால் அது கிரீஸில் இல்லை. துருக்கியில் சனக்கலே அருகே ஹிசார்லிக் மேடு. ஷ்லீமன் என்ற ஜெர்மானியர் 1870-களில் அவசரமாகத் தோண்டி, தேடிய அடுக்கையே துளைத்துப் போய்விட்டார். டிராய் அரசன் பிரியாமின் புதையல் என்று அவர் அறிவித்த தங்கம், போர் நடந்ததாகச் சொல்லும் காலத்தைவிடச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் பழையது. பண்டைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மக்களின் ஆவணங்களில் விலுசா என்ற நகரம் வருகிறது, அதுவே இலியோன், அதாவது டிராய், எனப் பலர் ஏற்கிறார்கள். அங்கே சண்டைகள் நடந்தன. ஒரு பெண்ணுக்காக 10 ஆண்டு முற்றுகை என்பதற்குச் சான்று இல்லை.

12. சாண்டோரினிதான் அட்லாண்டிஸா?

அட்லாண்டிஸ் ஊர் வழங்கிய கதை இல்லை, பிளேட்டோ தன் உரையாடல்களில் எழுதியது. அவருக்கு முன் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. சாண்டோரினியில் கி.மு. 1600 வாக்கில் எரிமலை வெடித்ததும், சாம்பலில் புதைந்த அக்ரோதிரி நகரம் 1967 முதல் தோண்டப்படுவதும் உண்மை. அந்தத் தீவுக்குச் சொந்தக் கதையும் உண்டு: பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஆர்கோ கப்பலில் வந்த யூஃபீமஸ் ஒரு மண்கட்டியைக் கடலில் போட, அது தீவாக எழுந்தது. நடுக்கடலில் கரும்பாறை புதிதாக எழும்பிய இடத்துக்கு அட்லாண்டிஸைவிட இதுதான் பொருத்தம்.

13. ஒரு வாரம்தான் லீவு. எங்க போகலாம், எப்ப போகலாம்?

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். 2023, 2024 கோடைகளில் வெப்பம் தாங்காமல் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸை மதிய நேரத்தில் மூடினார்கள். அங்கே இப்போது நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஏதென்ஸ் இரண்டு நாள், சூனியோன் முனையில் பொசைடன் கோயிலுக்கு ஒரு மாலை, டெல்ஃபியில் ஓர் இரவு, மீதி நாள்கள் நெமியா, மைசீனி, எபிதாரோஸ் பக்கம். சூனியோனில்தான் மகன் தீசியஸின் கப்பல் கறுப்புப் பாயோடு திரும்பியதைக் கண்டு, மகன் இறந்தான் என்று நினைத்த ஏதென்ஸ் அரசன் ஏகியஸ் கடலில் குதித்தான் என்பார்கள், ஏஜியன் என்ற பெயர் அதனால் வந்ததாம். எபிதாரோஸின் பழைய அரங்கில் கோடை வார இறுதிகளில் பழைய நாடகங்களை இன்றும் நடிக்கிறார்கள், நாள் பொருந்தினால் விடாதீர்கள். தீவு வேண்டுமென்றால் மிக்கோனோஸிலிருந்து படகில் டெலோஸ். அப்பல்லோ பிறந்த அந்தத் தீவில் யாரும் பிறக்கவோ சாகவோ கூடாது என்று ஏதென்ஸ் விதித்தது. இன்றும் பயணிகள் இரவு தங்க முடியாது, கடைசிப் படகில் திரும்பிவிட வேண்டும்.

14. இப்ப கிரேக்கர்கள் இந்தச் சாமிகளைக் கும்பிடுறாங்களா?

பெரும்பான்மையினர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பழைய தெய்வங்களை வணங்கும் சிறு குழுக்கள் உண்டு, 2017-இல் அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் கும்பிடுவது மட்டும்தான் உயிரோடு இருப்பதற்கு அடையாளமா? செயின்ட் டிமிட்ராவை மேலே பார்த்தோம். நாட்டுப்புற ஒப்பாரிகளில் உயிரைப் பறிக்க வருபவன் ஹாரோஸ், பழைய படகோட்டி கேரனின் பெயர்தான். குழந்தை பிறந்த மூன்றாம் இரவு மூன்று விதிப்பெண்கள் வந்து தலையெழுத்தைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. நாக்சோஸ் தீவுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் புனித டயொனிசியோஸ் என்றொரு கதை உண்டு, பழைய ஒயின் தெய்வம் டயொனிசஸின் பெயரிலிருந்து வந்த பெயர்தான் அது. வழியில் கொடி வளர வளர அதைப் பறவை எலும்பிலும், பிறகு சிங்க எலும்பிலும், பிறகு கழுதை எலும்பிலும் வைத்தாராம். அதனால் ஒயின் குடிப்பவன் முதலில் பறவையாகப் பாடுவான், அப்புறம் சிங்கமாவான், கடைசியில் கழுதையாவான்.

தெசலோனிக்கியில் ஆரிஸ், இராக்லிஸ் என்று இரண்டு பழைய கால்பந்துக் கழகங்கள் பரம எதிரிகள். போர்த் தெய்வமும் வீரனும் அங்கே இன்னும் மோதுகிறார்கள். அத்தீனா, ஆர்ட்டெமிஸ், டயொனிசிஸ் என்று பிள்ளைகளுக்கு இப்போதும் பெயர் வைக்கிறார்கள்.

15. ஜீயஸ் இவ்வளவு அநியாயம் பண்றாரே, இவரை எப்படிச் சாமின்னு கும்பிட்டாங்க?

இந்தக் கேள்வியைக் கிரேக்கர்களே கேட்டார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே செனொஃபனிஸ், மனிதர்களிடம் வெட்கக்கேடான திருட்டையும் பிறன்மனை நாடுவதையும் ஹோமரும் ஹெசியடும் தெய்வங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கண்டித்தார். பிளேட்டோ அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றார்.

ஜீயஸுக்கு ஏன் இத்தனை காதலிகள் என்பதற்குத் தலபுராணத்திலேயே விடை இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தங்கள் முதல் அரசன் ஜீயஸின் மகன் என்று சொல்ல விரும்பியது. ஊருக்கு ஒரு தாய், ஊருக்கு ஒரு கதை. எல்லாவற்றையும் தொகுத்தபோது ஒரே தெய்வத்தின் கணக்கில் ஏறின. இதைச் சொல்வதால் அந்தப் பெண்களின் துன்பம் சிறிதாகிவிடாது. தெம்பி பள்ளத்தாக்கில் அப்பல்லோவிடமிருந்து தப்பி ஓடி மரமான தாஃப்னியின் கதையை நான் காதல் கதையாகச் சொல்வதில்லை. கிரேக்க மொழியில், பிரிஞ்சி இலை போன்ற வாசனை இலை கொண்ட அந்த மரத்துக்கு இன்றும் தாஃப்னி என்றுதான் பெயர்.

16. பாண்டிய நாட்டை ஹெரக்ளிஸோட மகள் ஆண்டான்னு எங்கயோ படிச்சேன். உண்மையா?

அப்படி எழுதப்பட்டது உண்மை. கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் இந்தியாவைப் பற்றி எழுதிய நூல் தொலைந்துவிட்டது. அதிலிருந்து அரியன் முதலான பிற்கால எழுத்தாளர்கள் எடுத்தெழுதியதில், இந்திய ஹெரக்ளிஸுக்குப் பாண்டையா என்ற ஒரே மகள், அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயர், தந்தை அவளை அலங்கரிக்கக் கடல் முத்தைத் தேடிச் சேர்த்தார் என்று வருகிறது. அந்த நாடு தெற்கே கடல் வரை இருந்தது, 365 ஊர்கள் நாளுக்கு ஓர் ஊராகத் திறை செலுத்தின என்று பாலியீனஸ் என்ற இன்னொரு எழுத்தாளர் சேர்க்கிறார்.

கிரேக்கர்கள் வேற்று நாட்டுத் தெய்வத்தைக் கண்டால் தங்கள் தெய்வத்தின் பெயரால் அழைப்பார்கள், இரண்டாவது பதிலில் ரோமானியர்கள் செய்ததைப் போல. இந்த ஹெரக்ளிஸை வடக்கே மதுரா பகுதியினர் போற்றினார்கள் என்று மெகஸ்தனீஸே சொல்வதால் கண்ணனாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. ஆகவே கிரேக்க வீரன் நம்மூருக்கு வரவில்லை. ஆனால் முத்து விளையும் தென்கடல், பாண்டியர் பெயர், ஓர் அரசி, இவை பற்றிய செய்தி கங்கைக் கரை வரை போய், அங்கே ஒரு கிரேக்கர் காதில் விழுந்து, அவருக்குத் தெரிந்த கதையோடு கலந்திருக்கிறது.

17. நல்ல சிற்பமெல்லாம் லண்டன்லதானே இருக்கு, ஏதென்ஸ் போய் என்ன பார்க்க?

அக்ரோபொலிஸில் உள்ள அத்தீனா கோயிலான பார்த்தினனின் எஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறையப் பாதியை, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்து எடுத்தார்கள், 1816-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. திருப்பித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அத்தீனாவும் பொசைடனும் இந்த நகரம் யாருக்கு என்று போட்டியிட்டார்கள், அவள் ஒலிவ மரம் தந்து வென்றாள் என்பதைச் செதுக்கிய கற்கள், அந்தப் பாறையைப் பார்த்தபடி இருக்க வேண்டியவை. போட்டி நடந்த இடமாகச் சொல்லும், அதே குன்றில் உள்ள எரெக்தியோன் கோயில் பக்கத்தில் இன்றும் ஓர் ஒலிவ மரம் நிற்கிறது.

2009-இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். எரெக்தியோனின் கூரையைத் தாங்கிய ஆறு தூண் பெண்களில் ஐவர் அங்கே நிற்கிறார்கள். எலூசிஸ் சிலையைப் போலவே ஆறாவது பெண் கடல் கடந்து போனாள். அவளுக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அவளை எடுத்துப் போன பிறகு, இரவில் மற்ற ஐவரும் சகோதரிக்காக அழும் சத்தம் கேட்டதாக ஏதென்ஸ் மக்கள் சொல்லிக்கொண்டார்கள்.